பேசாத பெட்டி

பெரிய புயல் அடித்து, ஏரியைச் சுற்றி நின்ற மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தனவே, அந்த வருஷம். எந்த வருஷம் என்று கேட்டால் எனக்குச் சொல்ல வராது. கரண்டு போய், செல்போன் எல்லாம் செத்து, பஜாரில் மெழுகுவத்திக்கு ஆள் வரிசையில் நின்ற வருஷம் என்றால் கொடைக்கானலில் எல்லோருக்கும் தெரியும். புயல் ஓய்ந்து, கரண்டுக்காரர்கள் இன்னும் கம்பம் நட்டுக்கொண்டிருந்தபோதுதான் ஜைனம்பு அக்கா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

நான் போனபோது வீடு பாதி காலி. கட்டிலைக் கழற்றிச் சுவரில் சாய்த்திருந்தார்கள். அக்கா அடுப்படித் தரையில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பெரிய பீங்கான் தட்டு. இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தார்.

“வாங்கண்ணே. எல்லாத்தையும் கட்டுங்க. இதை மட்டும் கடைசியாக் கட்டிக்கலாம்,” என்றார்.

“குடுங்க, ஒருக்கா பாத்துக்கிறேன்.”

“மொதல்ல மத்ததக் கட்டுங்கண்ணே.”

கொடுக்க மனசு வரவில்லை. நானும் திரும்பக் கேட்கவில்லை.

இந்தப் பக்கத்தை இன்றைக்குத்தான் முதல் தடவை புரட்டுகிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் வெள்ளைச்சாமி. அட்டுவம்பட்டிக்காரன். பள்ளிக்கூடத்துப் பக்கம் போனதில்லை. நான் சொல்லச் சொல்லத்தான் எழுதிக்கொள்கிறார்கள். பேரிக்காய்க்கும் பிளம்ஸுக்கும் பெட்டி அடிக்கப் போனவன். பழம் நசுங்காமல் பெட்டி கட்டுகிறான் என்று பேர் வந்தது. பழம் நசுங்காது என்றால் கப்பும் உடையாது என்று யாரோ நினைத்தார்கள். அப்புறம் பங்களாக்காரர் வீடு காலி செய்தாலும், டீச்சர்மார் மாற்றலாகிப் போனாலும், பீங்கான் சாமானுக்கு என்னைத்தான் கூப்பிட்டார்கள். இப்போதும் கூப்பிடுகிறார்கள்.

சகன் என்றால்

ஜைனம்பு அக்கா என்னைவிட இளையவர்தான். ஆனாலும் பஜாரே அக்கா என்று கூப்பிடும்போது நான் மட்டும் வேறு எப்படிக் கூப்பிடுவது? அவர் வீட்டுக்காரர் டீத்தூளும் மிளகும் விற்றார். அவர் தவறிய பிறகு அக்காவே கடையில் உட்கார்ந்தார். பிள்ளைகள் இல்லை. குளிரில் முழங்கால் மடக்க முடியாமல் போனதும் கடையை விட்டுவிட்டு, பழனியில் தம்பி வீட்டோடு போய் இருப்பது என்று முடிவானது.

தம்பி பேர் அபுபக்கர். அடிவாரத்தில் ஃபேன்ஸி கடை. அக்காவும் தம்பியும் பேசி வருஷக்கணக்காகியிருந்தது. காரணம், அந்த மடியில் இருந்த தட்டு.

அதைச் சகன் என்பார்கள். அக்காவின் அம்மா வழி கடற்கரைப் பக்கத்து ஆட்கள். அவர்களிடத்தில் விசேஷம் என்றால் ஆளுக்கொரு இலை கிடையாது. பெரிய தட்டில் சோற்றைக் கொட்டி, நடுவில் கறியை வைத்து, நாலு பேர் சுற்றி உட்கார்ந்து அதிலேயே சாப்பிடுவார்கள். அந்தத் தட்டுதான் சகன். இப்போது சில்வரில் வருகிறது. அக்காவுடையது பீங்கான். ஓரத்தில் நீலக் கோடு. ரங்கூனுக்குக் கப்பலில் போய்வந்த யாரோ கொண்டுவந்தது.

அம்மா இறந்து நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்ததும், அக்கா அந்தச் சகனைச் சேலையில் சுற்றி பஸ்ஸில் மலைக்குக் கொண்டுவந்துவிட்டார். அம்மா தன்னிடம் எடுத்துக்கொள்ளச் சொன்னதாக அக்கா சொன்னார். தன்னிடம்தான் சொன்னதாகத் தம்பி சொன்னார்.

“அம்மா ரெண்டு பேருட்டயும் சொல்லிருப்பாங்கண்ணே. அவங்க யாருக்கும் இல்லைனு சொல்ல மாட்டாங்க,” என்றார் அக்கா, கட்டிக்கொண்டே இருந்த என்னிடம். “இப்ப தம்பி மகளுக்கு நிக்காஹ் வச்சிருக்கு. அவன் பொண்டாட்டிதான் போன்ல, வந்து எங்களோடயே இருந்துருங்கன்னா. அவன் என்ன சொன்னான்னு கேட்டேன். ‘சகன் வருதான்னு கேளு’ன்னானாம். அவ்வளவுதான் அவன் பேச்சு.”

“கொண்டு போயி கையில குடுத்துருங்க. முடிஞ்சுச்சு.”

“முழுசாப் போகணுமேண்ணே. ஒடஞ்சுச்சுன்னு வைங்க. முழுசா எடுத்துட்டுப் போனவ ஓட்டாஞ்சில்லாக் கொண்டாந்துருக்கான்னு ஆயுசுக்கும் சொல்லுவான். அந்த வீட்டுல நான் எப்படிக் குடியிருக்குறது?”

அப்போதுதான் மடியில் இருந்ததை நீட்டினார்.

பூண்டுத் தாள்

பீங்கான் கட்டுவதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. தட்டு நிற்க வேண்டும், படுக்கக் கூடாது. படுக்கப்போட்டு அடுக்கினால் மேல் தட்டுகளின் பாரமெல்லாம் அடித்தட்டின் முதுகில் ஏறும். நிறுத்தி வைத்தால் அதனதன் பாரத்தை அதுஅது தாங்கிக்கொள்ளும். கப்பைக் கவிழ்த்துப் படுக்க வைக்க வேண்டும். அதற்கு முன்னால் காதுக்குள் தாளைச் சுருட்டிக் கொடுக்க வேண்டும். கப்பு காதில்தான் முதலில் போகும். கனமானது அடியில், லேசானது மேலே. எங்கேயும் சந்து இருக்கக் கூடாது.

ஒரு பங்களா அம்மா காகிதத்தை நம்பவே மாட்டார். வீட்டுக்காரருடைய பழைய கம்பளிக் காலுறைகளைச் சேர்த்து வைத்திருந்து, ஒவ்வொரு கப்பையும் ஒரு காலுறைக்குள் விட்டார். ஒன்றுகூட உடையவில்லை. ஊர் போய்ச் சேர்ந்ததும் அதில் டீ குடித்தார்களா என்றுதான் தெரியவில்லை.

என் சம்சாரம் பொன்னுத்தாயிக்குப் பீங்கான் என்றாலே ஆகாது. எங்கள் வீட்டில் எல்லாம் எவர்சில்வர்தான். “விழுந்தா சத்தம் போடும். எடுத்து வச்சா மறுபடியும் டம்ளருதான். அதை விட்டுட்டு, விழுந்ததும் வாயத் தெறக்காமச் சாகுற சாமானுக்கு எதுக்கு இம்புட்டு சோலி?” என்பாள்.

பேச்சு எங்கேயோ போகிறது. கட்டி முடித்ததும் பெட்டியைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்ப்பேன். உள்ளே ஏதாவது அசைந்தால் சத்தம் வரும். ‘பெட்டி பேசுது’ என்போம். பேசினால் திரும்பப் பிரித்துக் கட்ட வேண்டும். பேசாத பெட்டிதான் நல்ல பெட்டி. நாற்பது வருஷத்துக்கு மேல் இதைத்தான் நான் நம்பினேன்.

அன்றைக்குத் திணிப்பதற்குத்தான் ஒன்றும் கிடைக்கவில்லை. புயலில் ரோடு அடைத்து, செய்தித்தாள் மேலே வரவில்லை. இருந்த பழைய பேப்பரையும் ஊரே அடுப்பு மூட்ட எரித்திருந்தது. வைக்கோல் கீழேயிருந்து வர வேண்டும்.

வண்டிக்காரர் செல்வம் கிளாவரைக்காரர். சாமான் ஏற்றக் குட்டியானை வண்டியோடு வந்து வாசலில் நின்றிருந்தார். வண்டியில் அவர் ஊர்ப் பூண்டு கொஞ்சம் மூட்டையாகக் கிடந்தது.

“அண்ணே, பூண்டுத் தாளு கெடக்கு, அறுத்துப்போட்ட தண்டும் எலையும், வேணுமா? நல்லாக் காஞ்சது. மெத்தை மாதிரி இருக்கும்,” என்றார்.

தொட்டுப் பார்த்தேன். அமுக்கினால் அமுங்கி, விட்டால் எழுந்தது. வைக்கோலைவிட நல்லது.

“வாடை அடிக்குமே,” என்றார் அக்கா.

“கழுவுனாப் போயிரும்மா. சகன்ல பூண்டு படாமயா இத்தன நாளு இருந்துச்சு?” என்றார் செல்வம். அக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

சகனை வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு ஓரம் முழுவதும் விரலால் ஒரு சுற்றுச் சுற்றினேன். கண்ணுக்குத் தெரியாத கீறல் விரலுக்குத் தெரியும். ஒன்றுமில்லை. வழவழவென்று இருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அக்காவின் பருத்திச் சேலை இரண்டில் சுற்றி, பலகைப் பெட்டிக்குள் நிறுத்தி, இரண்டு பக்கமும் பூண்டுத் தாளை வைத்து இடித்து இறுக்கினேன். மூடி அடித்தேன். சாரல் படாமல் இருக்க மேலே சாக்கைச் சுற்றித் தைத்தேன். எனக்கு எழுத வராததால் பீங்கான் பெட்டியில் கரித்துண்டால் ஒரு கெட்டில் படம் போடுவது வழக்கம். குண்டு வயிறு, மேலே மூடிக் குமிழ், பக்கத்தில் மூக்கு. அதையும் போட்டேன்.

ஆட்டிப் பார்த்தேன். பெட்டி பேசவில்லை.

“இனி மலையில இருந்து உருட்டி விட்டாலும் ஒண்ணும் ஆகாது,” என்றேன்.

பெரிய பேச்சுதான்.

சுற்று வழி

பண்ணைக்காடு தாண்டிப் பழனி ரோட்டில் மண் சரிந்து கிடந்தது. வத்தலக்குண்டு வழியாக இறங்கிச் சுற்றித்தான் போக வேண்டும். எப்படியும் அந்தப் பக்கம் இறங்குவதால், வண்டியில் கிடக்கிற பூண்டை வடுகபட்டி மண்டியில் போட்டுவிட்டுப் போய்விடலாம் என்றார் செல்வம். மலைப்பூண்டுக்கு அதுதான் சந்தை. அக்காவும் சரி என்றார்.

“நீங்களும் வாங்கண்ணே. நீங்களே எறக்கி, பிரிச்சுக் குடுத்துட்டுப் போங்க,” என்றார் என்னிடம். முன் சீட்டில் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்து இறங்கினோம். ஒவ்வொரு வளைவிலும் அக்கா கையை நீட்டி முன்னால் எதையோ பிடித்துக்கொண்டார். பெட்டி பின்னால் இருந்தது.

மண்டிக்கு வந்து சேர்ந்தபோது நல்ல பசி. மழை வேறு தூறியது.

“மூட்டை எறக்க நேரம் ஆகும். நீங்க போயி சாப்பிட்டு வாங்க,” என்று செல்வம் எங்களை அனுப்பிவிட்டு, ஆட்களிடம் பூண்டை இறக்கச் சொன்னார். பிறகு அவரும் எங்கள் பின்னாலேயே இட்லி சாப்பிட வந்துவிட்டார். திரும்பி வந்து பார்த்தால் தார்ப்பாயைக் கூட அவர்களே நன்றாக இழுத்துக் கட்டியிருந்தார்கள்.

“நல்ல பயலுக,” என்றார் செல்வம். தார்ப்பாயைத் தூக்கி யாரும் பார்க்கவில்லை.

முதல் பேச்சு

பழனிக்கு வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. அபுபக்கர் பாய் வாசலில் நின்றார். தாடி நரைத்து, கையைப் பின்னால் கட்டி. ‘வா’ என்று சொல்லவில்லை. அவர் மனைவிதான் ஓடி வந்து, “வாங்க மதினி, குளுந்து போயிட்டீங்க” என்று அக்காவின் கையைப் பிடித்தார்.

சாமான் இறங்கியது. கட்டில், பீரோ, கப்புப் பெட்டி, தட்டுப் பெட்டி. வண்டி காலியானது. பாய் செல்வத்தைப் பார்த்துக் கேட்டார்.

“சகன் பெட்டி எங்க?”

செல்வம் என்னைப் பார்த்தார். நான் வண்டிக்குள் ஏறிப் பார்த்தேன். வெறும் பலகை. மூலையில் நாலு பூண்டுத் தாள்.

எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. சாக்குத் தைத்த பெட்டி. பூண்டு வாடை. பூண்டு மூட்டைக்குப் பக்கத்தில் இருந்தது. இறக்கியவர்கள் அதையும் சேர்த்து இறக்கிவிட்டார்கள்.

அக்கா தம்பியின் முகத்தைப் பார்த்து, அவராகவே சொன்னார்.

“காணோம்டா.”

“காணோமா? எங்க வச்ச?”

“நான் எங்க வச்சேன், வண்டியிலதான் வச்சேன்.”

“இத்தன வருசம் பத்திரமா வச்சிருந்தவளுக்கு இன்னைக்கு வைக்கத் தெரியலையா?”

“பத்திரமா வச்சிருந்தேன்னு இப்பவாவது ஒத்துக்கிறியே.”

“என்னட்டக் கேட்டுட்டா எடுத்துட்டுப் போன?”

“கேட்டிருந்தா குடுத்திருப்பியா?”

“குடுத்திருக்க மாட்டேன்.”

“அப்பறம் என்னத்துக்குக் கேக்க?”

வாசலில் நின்றபடியே இது நடந்தது. பாயின் மனைவி என்னையும் செல்வத்தையும் உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தார். “விடுங்கண்ணே. இத்தன வருசத்துப் பேச்சு உள்ள கெடக்கு. வரட்டும்,” என்று மெல்லச் சொன்னார்.

செல்வம் மண்டிக்குப் போன் போட்டுப் பார்த்தார். கடை சாத்திவிட்டது, காலையில்தான் பார்க்க முடியும் என்றார்கள். விடிந்தால் ஏலம். ஏலம் எடுத்த பூண்டு எந்த ஊருக்கு லாரி ஏறும் என்று யாருக்கும் தெரியாது.

மண்டியில்

மறுநாள் வெள்ளனே கிளம்பினோம். பாயும் வந்தார். முன் சீட்டில் செல்வம், பாய், அக்கா. நான் பின்னால். இடையில் இருந்த சின்னக் கண்ணாடி ஜன்னல் உடைந்து வெகுநாளாகியிருந்ததால் பேச்செல்லாம் கேட்டது.

ஒட்டன்சத்திரம் வரைக்கும் சண்டை. அதைத் தாண்டியதும் அம்மா வைக்கிற மீன் குழம்பில் மாங்காய் போடுவார்களா மாட்டார்களா என்று பேச்சு திரும்பியது. போடுவார்கள் என்றார் பாய். போடவே மாட்டார்கள் என்றார் அக்கா. செம்பட்டி வந்தபோது செல்வம் குறுக்கே புகுந்து, “எங்க வீட்டுல போடுவாங்க” என்றார். இரண்டு பேரும் சேர்ந்து, “நீ ரோட்டைப் பாரு” என்றார்கள்.

மண்டியில் ஏலம் ஆரம்பிக்கப்போகும் நேரம். வரிசை வரிசையாகப் பூண்டு. அந்த வாடையில் கண் எரிந்தது. முந்தைய நாள் இறக்கியவரைத் தேடிப் பிடித்தோம். பாண்டி என்று பேர். நல்ல உடம்பு, தலையில் துண்டு.

“பெட்டியா? பூண்டுப் பெட்டிதான?” என்றார்.

“பூண்டு இல்ல, பீங்கான்,” என்றேன்.

“படம் போட்டிருந்துச்சேண்ணே. பூண்டுப் படம்.”

கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். கம்பத்தை ஒட்டி, மூட்டைகளுக்கு நடுவில் நின்றது என் பெட்டி. அதன் மேல் டீ கிளாஸ் வைத்த ஈர வட்டங்கள். ஒருவர் அதன் மேலேயே ஓரமாக உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்தார்.

“இந்தா பாருங்க,” என்று படத்தைத் தொட்டுக் காட்டினார் பாண்டி. “குண்டாப் பூண்டு. மேல காம்பு.”

“ஏலே, அது கெட்டிலு. கெட்டிலு மூடி அது.”

“கெட்டிலுன்னா மூக்கு எங்க?”

பார்த்தேன். சாரலில் மூக்கு கரைந்து போயிருந்தது. மிச்சம் இருந்தது அசல் பூண்டுதான். அபுபக்கர் பாய் குனிந்து பார்த்தார். “பூண்டுதான்,” என்றார். அவர் என் பக்கம் பேசுவார் என்று எதிர்பார்த்தேன்.

“எப்படிப்பா எறக்குன?” என்று கேட்டார் அக்கா.

பாண்டி தலையைச் சொறிந்தார். “எப்பவும் போலத்தாம்மா. வண்டியில இருந்து தோளுக்கு, தோள்ல இருந்து கீழ.”

“கீழ வச்சியா, போட்டியா?”

“போட்டேம்மா.”

அக்காவின் கண் பெட்டிக்குப் போனது. பாண்டிக்கே சங்கடமாகிவிட்டது.

“ஆட்டிப் பாத்துட்டுத்தாம்மா போட்டேன். பீங்கானுன்னா பேசும்ல? இது பேசவே இல்ல. ஒரு வார்த்தை பேசிருந்தாப் பக்குவமா எறக்கிருப்பேன். பேசாததை எப்படிப் போட்டா என்னன்னு நெனச்சேன்.”

எத்தனையோ வீட்டுச் சாமான் கட்டியிருக்கிறேன். இப்படி ஒரு குற்றச்சாட்டை நான் கேட்டதில்லை. கட்டியது சரியில்லை என்று சொன்னவர்கள் உண்டு. அளவுக்கு மேல் சரியாகக் கட்டிவிட்டாய் என்று சொன்னது அவர் ஒருவர்தான்.

உடைந்தாலும் பேசாது

பாய் பெட்டியைத் தூக்கி ஆட்டினார். சத்தம் இல்லை. முகம் தெளிந்தது. “ஒண்ணும் ஆகலபோல,” என்றார்.

நான் சொல்லாமல் இருந்திருக்கலாம். “பாய், நான் இடிச்ச இடிக்கு உள்ள எட்டா ஒடஞ்சிருந்தாலும் பேசாது. ஒடஞ்சது ஒடஞ்ச எடத்துலயே நிக்கும்,” என்றேன்.

“அப்ப இங்கயே பிரிச்சுப் பாத்துருவோம்.”

அக்கா பெட்டியின் மேல் கையை வைத்தார். “வேணாம்டா. இத்தன பேரு முன்னாடி வேணாம். ஒடஞ்சிருந்தாலும் நம்ம வீட்டுல வச்சே பாத்துக்குவோம்.”

‘நம்ம வீடு’ என்று அவர் சொன்னதை நான் கவனித்தேன். பாயும் கவனித்தார் என்று நினைக்கிறேன்.  பெட்டியைப் பின்னால் ஏற்ற விடவில்லை. தன் மடியில் வைத்துக்கொண்டார். பழனி வரைக்கும் அப்படியே. பெட்டி முகத்தை மறைத்தது. செல்வம் கியர் போட முடியாமல் கஷ்டப்பட்டார். மீன் குழம்புப் பேச்சும் இல்லை. போகும்போது அவ்வளவு பேசினவர்கள், வரும்போது பெட்டியைப் போலவே வந்தார்கள்.

வீட்டு நடு அறையில் வைத்துத் தையலைப் பிரித்தேன். ஆணியைப் பிடுங்கினேன். பூண்டுத் தாளைக் கை கையாக அள்ளி வெளியே போட்டேன். அறையெல்லாம் வாடை. சேலைச் சுருளை அப்படியே தூக்கி நடுவில் வைத்தேன். “நீங்களே பிரிங்க பாய்,” என்றேன்.

அவர் பிரிக்கும்போது நான் பெட்டிக்குள் மிச்சத் தாளைத் துழாவிக்கொண்டிருந்தேன். முதல் சேலை, பிறகு இரண்டாவது. நீலக் கோடு தெரிந்தது. ஒரு பக்கம், மறு பக்கம். முழுசாக இருந்தது. அக்கா உட்கார்ந்தே விட்டார்.

அப்புறம்தான் ஓரத்தில் ஒரு இடத்தில் பாயின் விரல் நின்றது. புளியங்கொட்டை அளவுக்குச் சில்லு பெயர்ந்திருந்தது. பழைய உடைசல் என்றால் குழம்பு ஏறி மஞ்சளித்திருக்கும். இது வெள்ளை வெளேரென்று இருந்தது.

அக்காவும் பார்த்துவிட்டார். வாய் திறக்கப் போனார்.

“இது அம்மா காலத்துலயே இருந்துச்சுக்கா,” என்றார் பாய். “சின்னப்பிள்ளையில நான்தான் கரண்டியால தட்டிப் பேத்துட்டேன். ஒனக்கு ஞாபகம் இல்லையா?”

அக்கா அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“ஆமா. அம்மாகூட வைஞ்சாங்கள்ல,” என்றார்.

என் விரல் பெட்டிக்குள் எதையோ தொட்டது. சுருளைத் தூக்கும்போது சேலை இடுக்கிலிருந்து நழுவியதோ என்னவோ, தாளுக்குள் ஒரு சின்னச் சில்லு. நீலக் கோட்டில் ஒரு துணுக்கு அதில் இருந்தது. கையை மூடிக்கொண்டேன். எழுந்து, வேட்டி மடிப்புக்குள் செருகிக்கொண்டேன். ஓரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கட்டியவன் நான். என்னிடம் யாரும் கேட்கவும் இல்லை, நான் பேசவும் இல்லை.

நாலு பேர்

அன்றைக்கு மதியம் அந்தச் சகனிலேயே சோறு போட்டார்கள். பாயின் மனைவி புளி போட்டுத் தேய்த்தார், சாம்பல் போட்டுத் தேய்த்தார், எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து தேய்த்தார். பூண்டு வாடை போகவில்லை. “கறில பூண்டு போடல மதினி. அதான் தட்டுல இருக்கே,” என்றார்.

பாய், அக்கா, செல்வம், நான். நாலு பேரும் சுற்றி உட்கார்ந்தோம். நானும் செல்வமும் தயங்கினோம். “நாலு பேரு இல்லாம சகன் எப்படி? உக்காருங்க,” என்றார் பாய்.

உடைந்த இடம் அக்காவுக்கு நேராக இருந்தது. பாய் தட்டைப் பிடித்து மெல்லத் திருப்பினார். அது அவர் பக்கம் வந்தது. அக்கா திரும்பத் தன் பக்கம் இழுத்தார். அவர் மறுபடி திருப்பினார். அக்கா விடவில்லை.

“சுத்தாதீங்க, சோறு சிந்துது,” என்று பாயின் மனைவி அதட்டினார்.

இரண்டு பேரும் கையை எடுத்தார்கள். பார்த்தால், உடைந்த இடம் எனக்கு நேராக வந்து நின்றிருந்தது.

நான் அந்தப் பக்கத்திலிருந்தே சாப்பிட்டேன்.

பழனி ரோடு திறந்த பிறகு பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன். பண்ணைக்காடு தாண்டும்போது ஜன்னல் வழியாகக் காப்பித் தோட்டத்துக்குள் அந்தச் சில்லை எறிந்தேன். வெகுநாள் கழித்து அக்கா போனில் பேசும்போது, “அந்தச் சகனை எத்தன தடவ கழுவிருப்பேன், எனக்குத் தெரியாதாண்ணே” என்றார். “அவனுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். இருக்கட்டும்.” இதை எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டேன். தாராளமாக என்றார். மாங்காய் விஷயத்தில் தான் சொன்னதுதான் சரி என்பதையும் எழுதச் சொன்னார்.

பழனியிலிருந்து வந்த அன்றைக்கே பொன்னுத்தாயியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாண்டி சொன்னதைத்தான் முக்கியமாகச் சொன்னேன். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்.

“ஒரு கரண்டிய எடுத்துச் சும்மா உள்ள போட்டு வைங்களேன். தூக்குறவனுக்குக் கேக்கட்டும்.”

அதிலிருந்து அப்படித்தான் செய்கிறேன். எல்லாவற்றையும் அசையாமல் இறுக்கிக் கட்டியபின், மூடிக்கு அடியில் ஒரு சின்னத் தகர டப்பாவில் ஒற்றைக் கரண்டியைப் போட்டு வைக்கிறேன். பீங்கானைத் தொடாது. ஆனால் தூக்கினால் கிணுங்கும். தூக்குகிறவர் கை தானாக மெதுவாகும். படம் கரையலாம், எழுத்து அழியலாம். சத்தம் எங்கேயும் போகாது.

உங்கள் தெருவில் யாராவது வீடு மாற்றுகிறார்கள் என்றால், பீங்கான் சாமான் கட்டுகிறார்கள் என்றால், இந்தக் கரண்டி விஷயத்தை அவர்களிடம் சொல்லிவிடுங்கள். வடுகபட்டிப் பக்கம் போகிறவர்கள் பாண்டியைப் பார்த்தால் அவரிடமும் சொல்லுங்கள், இப்போதெல்லாம் வெள்ளைச்சாமியின் பெட்டி பேசுகிறது என்று.